ஆன்ட்டியைக் கேளுங்க: கப்பல் நம்பரும் மேட்ரிக் மார்க்கும்

செப்டம்பர் வந்தா போதும், இந்தப் பக்கத்துக்கு கேள்வி குவிஞ்சிடும். 24-ஆம் தேதி நம்ம சவுத் ஆப்பிரிக்கால ஹெரிட்டேஜ் டே, ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குடுத்திருப்பாங்க, பிள்ளைங்க அதைத் தூக்கிட்டு வந்து அம்மா அப்பா மடியில போடும், அவங்க அப்படியே வாட்ஸ்அப்ல எனக்கு தள்ளி விட்ருவாங்க. ரிடையர் ஆகி எத்தனை வருசமானாலும் ஹிஸ்டரி டீச்சர் ஹிஸ்டரி டீச்சர்தான் போல. சரி, இந்த மாசம் வந்ததுல சமையல் கேள்வி, மாமியார் கேள்வி எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டேன், படிப்பும் பழைய கதையும் மட்டும் பாக்கலாம்.

வணக்கம் ஆன்ட்டி. என் பையன் கிரேட் 11, ஹிஸ்டரி எடுத்திருக்கான். வருசம் எதுவுமே மண்டையில நிக்கல. ரூம் சுவத்துல 1860, 1893, 1913-ன்னு பெருசா சார்ட் எழுதி ஒட்டியும் பிரயோஜனம் இல்ல. பேசாம வேற சப்ஜெக்ட் மாத்திடலாமா?
ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த்

முதல்ல அந்த சார்ட்டை கழட்டுங்கம்மா, பாவம் பிள்ளை, படுத்தா எழுந்தா நம்பர் மூஞ்சில முழிக்குது. மேட்ரிக்ல, அதான் கிரேட் 12 கடைசி பரீட்சைல, ஹிஸ்டரிக்கு வெறும் வருசத்தை ஒப்பிச்சு யாரும் மார்க் வாங்கறதில்ல. ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம், 150 மார்க். ஒரு பழைய கடிதம், ஒரு கார்ட்டூன், ஒரு போட்டோன்னு குடுத்து, இதை எழுதின ஆள் யார் பக்கம் நிக்கறான், இதை எவ்வளவு தூரம் நம்பலாம், இந்த ரெண்டும் எங்க ஒத்துப்போகுது எங்க முட்டிக்குதுன்னு கேப்பாங்க. மிச்சம் கட்டுரை. கட்டுரைல வருசம் வேணும்தான், ஆனா ஏன் நடந்துச்சுன்னு தெரிஞ்சவனுக்கு வருசம் தானா வரும், தெரியாதவனுக்கு சார்ட் இல்ல, பச்சை குத்தினாலும் வராது.

உங்க பையனை இன்னைக்கு ராத்திரி பக்கத்துல உக்கார வச்சு ஒரே ஒரு கணக்கு போட சொல்லுங்க. இந்தியால இருந்து அக்ரிமென்ட் போட்டு நேட்டால் (டர்பன் இருக்கற அந்தக் காலத்து பிரிட்டிஷ் காலனி) கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஆளுக்கு முதல் வருசம் மாசச் சம்பளம் 10 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அப்போ வருசத்துக்கு எவ்வளவு? 6 பவுண்டு. இப்போ அடுத்த விஷயம். 1895-ல நேட்டால் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு, புதுசா வர்றவங்க அஞ்சு வருச அக்ரிமென்ட் முடிஞ்சா திரும்ப அக்ரிமென்ட்ல சேரணும், இல்ல ஊருக்கு திரும்பணும், ரெண்டும் மாட்டேன் இங்கயேதான் இருப்பேன்னா வருசத்துக்கு 3 பவுண்டு வரி கட்டணும். தலைக்கு 3 பவுண்டு. பொம்பளைக்கும் தனியா, 1903-ல இருந்து 16 வயசு தாண்டின பையனுக்கும், 13 தாண்டின பொண்ணுக்கும் தனித்தனியா. ஒரு குடும்பத்துல அப்பா, அம்மா, ரெண்டு வளந்த பிள்ளைங்கன்னா 12 பவுண்டு, வாங்கினதே வருசத்துக்கு 6 பவுண்டா இருந்த ஆளுக்கு! இந்தக் கணக்கை போட்ட பிள்ளைக்கு 1895 மறக்காது, நான் கேரண்டி.

அதுக்கப்புறம் பாருங்க, மத்ததெல்லாம் இதுல கோத்துக்கும். அதுக்கு ஒரு வருசம் முன்னாடி, 1894-ல, பாலசுந்தரம்னு ஒரு தமிழ் ஆளு, முதலாளி அடிச்ச அடில முன்பல்லு ரெண்டு உடைஞ்சு, வாயில ரத்தத்தோட காந்தி ஆபீசுக்கு வந்து நிக்கறாரு, தலைப்பாகையை கழட்டி கையில வச்சிக்கிட்டு. வெள்ளைக்காரன் முன்னாடி தலையில துணி இருக்கக் கூடாதுங்கறது அவருக்கு அவ்வளவு தூரம் பழக்கப்பட்டுப் போச்சு. காந்தி அதை திரும்ப கட்டிக்க சொன்னாரு. காந்தியே டர்பன்ல வந்து இறங்கினது 1893 மே மாசம்தான், மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன்ல ரயில்ல இருந்து தள்ளி விட்டது ஜூன் 7. வந்து ஒரு வருசம் போல ஆன வக்கீலுக்கு இந்த மாதிரி ஒரு கேஸ் வாசல்ல வந்து நின்னா என்ன ஆகும்? அதுவரைக்கும் வியாபாரிங்க பிரச்சனையா இருந்தது அதுக்கப்புறம் கூலி வேலை செஞ்சவங்க பிரச்சனையும் ஆயிடுச்சுன்னு நான் நினைக்கறேன்.

அப்புறம் 1913. மார்ச் மாசம் கேப் டவுன்ல நீதிபதி சேர்ள் ஒரு தீர்ப்பு சொன்னாரு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு பண்ணாத கல்யாணம் இங்க செல்லாதுன்னு. மஞ்சக்கயிறு கட்டிக்கிட்ட பொம்பளைங்க பூரா ஒரே நாள்ல தாலி கட்டாதவங்க ஆயிட்டாங்க! வரி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஜோகன்னஸ்பர்க் இருக்கற ட்ரான்ஸ்வால்ல இருந்து பதினோரு பொம்பளைங்க, முக்காவாசி தமிழ்க்காரங்க, கைக்குழந்தைய இடுப்புல வச்சிக்கிட்டு பர்மிட் இல்லாம நேட்டாலுக்குள்ள வந்து, நியூகாசில் நிலக்கரி சுரங்கத்துல வேலை பார்த்தவங்க கிட்ட போய், வரியை எடுக்கற வரைக்கும் வேலைக்கு போகாதீங்கன்னு சொன்னாங்க. அக்டோபர்ல ஸ்ட்ரைக். நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆம்பளைங்க, 127 பொம்பளைங்க, 57 பிள்ளைங்க நேட்டால் எல்லை தாண்டி ட்ரான்ஸ்வாலுக்கு நடந்தாங்க. 1914-ல வரியும் போச்சு, கல்யாணமும் செல்லும்னு ஆச்சு. பாருங்கம்மா, ஒரு மூணு பவுண்டை புடிச்சு இழுத்ததுக்கு இருபது வருசம் கூடவே வந்துடுச்சு. சப்ஜெக்ட் எல்லாம் மாத்த வேணாம்.

ஹாய் ஆன்ட்டி, நான் கிரேட் 8. ஹெரிட்டேஜ் ப்ராஜெக்ட்டுக்கு தில்லையாடி வள்ளியம்மை எடுத்தேன். ஏஐ கிட்ட கேட்டேன், தமிழ்நாட்டுல தில்லையாடில பிறந்தாங்கன்னு சொல்லிச்சு. எங்க தாத்தா அது தப்புங்கறார். யார் கரெக்ட்?
மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தாத்தா கரெக்ட், அவருக்கு ஒரு டீ போட்டு குடு கண்ணு.

வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்ல, 1898 பிப்ரவரி 22. தில்லையாடிங்கறது அவங்க குடும்பத்தோட ஊர், மாயவரம் பக்கம், தரங்கம்பாடிக்கு கிட்ட. அந்த ஊர் மண்ணை அந்தப் பொண்ணு ஒரு தடவை கூட மிதிச்சதில்ல. அப்பா முனுசாமி முதலியார், அம்மா மங்களம். அம்மாவும் பொண்ணும் சேர்ந்தே, மேல சொன்னேனே அந்த 1913 போராட்டத்துக்கு போனாங்க, சேர்ந்தே ஜெயிலுக்கும் போனாங்க, மூணு மாச கடுங்காவல், அதுவும் எங்க, உன் ஊர் மாரிட்ஸ்பர்க் ஜெயில்லதான், அதை உன் ப்ராஜெக்ட்ல முதல் வரியா போடு. உள்ள இருக்கும்போதே காய்ச்சல் வந்து உடம்பு கரைஞ்சு போச்சு. வெளிய வந்தப்புறம் காந்தி பாக்க போயிருக்காரு, எலும்பும் தோலுமா படுத்திருக்கற பொண்ணுகிட்ட, ஜெயிலுக்கு போனதுக்கு இப்ப வருத்தமாம்மான்னு கேட்டிருக்காரு. வருத்தமா, இப்ப புடிச்சாலும் திரும்ப போறேன்னு சொல்லியிருக்கா. இதை காந்தியே தன் தென்னாப்பிரிக்கா சத்தியாகிரகக் கதைல எழுதி வச்சிருக்காரு. 1914 பிப்ரவரி 22-ல செத்துப் போனா. தேதியைப் பாத்தியா? அன்னைக்குத்தான் 16 முடிஞ்சது.

கல்லறை ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டைன்ல இருக்கு. அதே இடத்துல நாகப்பன்னு ஒரு பையனுக்கும் கல் இருக்கும், 1909-ல ஜெயில் குளிர்ல கஷ்டப்பட்டு வெளிய வந்த கையோட நிமோனியால செத்தவன், அவனுக்கு 18 வயசு. காந்தி இந்த நாட்டை விட்டு கிளம்பறதுக்கு சில நாள் முன்னாடி, 1914 ஜூலைல, ரெண்டு பேர் கல்லையும் திறந்து வச்சிட்டுத்தான் போனாரு. 2008-ல இந்தியால வள்ளியம்மைக்கு ஸ்டாம்ப் விட்டாங்க. நம்ம ஊர்ப் பொண்ணு, நம்ம ஊர்லயே எத்தனை பேருக்கு தெரியும்னு கேட்டா எனக்கு கோவம் வரும், அதை விடு.

இந்த ஏஐ மேட்டர்ல ஒண்ணு. பேருக்கு முன்னாடி ஊர் இருந்தா அந்த ஊர்லதான் பிறந்தாங்கன்னு நினைச்சிடும் போல, மனுசங்களே அப்படித்தான் நினைக்கறாங்க, தமிழ்நாட்டுல இருந்து டூர் வந்தவங்க என்கிட்ட அடிச்சு பேசியிருக்காங்க தில்லையாடில பிறந்தாங்கன்னு. அது சொல்றதை எடுத்துக்க, ஆனா தாத்தா கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க, இப்ப கேட்ட மாதிரி.

தமிழ் நம்ம சவுத் ஆப்பிரிக்கால அரசு மொழியா இல்லையா? கோயில்ல ஒரு வாக்குவாதம், பந்தயம் வேற கட்டியாச்சு.
ரெண்டு நண்பர்கள், வெருலம்

இல்ல. அரசு மொழி 12, பன்னெண்டாவதா 2023-ல சேர்ந்தது சைகை மொழி. ஆனா தோத்தவர் முழுசா தோக்கல, 1996 அரசியல் சட்டம் ஆறாவது பிரிவுல, இங்க இருக்கற சமூகங்கள் பேசற மொழிங்களை வளக்கணும், மரியாதை குடுக்கணும்னு ஒரு பட்டியல் போட்டிருக்காங்க, ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, ஹிந்தி, போர்ச்சுகீஸ், தமிழ், தெலுங்கு, உருதுன்னு. அதுல தெலுங்கை மட்டும் இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் மாத்தி 'தெலெகு'ன்னு அடிச்சு வச்சிருக்காங்க, அரசியல் சட்டத்துலயே! எங்க தெலுங்கு பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே ரத்தக்கொதிப்பு ஏத்திக்கிட்டாரு. பந்தயக் காசை பாதி பாதி போட்டு பன்னி சௌ (ரொட்டியைக் குடைஞ்சு குழம்பு ஊத்தித் தருவாங்களே, அது) சாப்பிடுங்க.

மதிப்பிற்குரிய ஆன்ட்டி, எங்கப்பா ட்ரங்குப் பெட்டில ஒரு பேப்பர் கிடைச்சது. அவரோட தாத்தா பேரும் ஒரு நீளமான நம்பரும் இருக்கு. ஜெயில் நம்பரா இருக்குமோன்னு வீட்ல பயப்படறாங்க. இதை வச்சு எங்க கிராமத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
ஓய்வு பெற்ற வாசகர், டொங்காட்

ஐயா, ஜெயில் நம்பர் இல்ல, அது காலனி நம்பர். பத்திரமா வையுங்க, தயவுசெஞ்சு லேமினேட் மட்டும் பண்ணாதீங்க, சூட்டுல பழைய பேப்பர் வீணாப் போயிடும், அப்புறம் பிரிச்சு எடுக்கவும் முடியாது.

1860 நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோங்கற கப்பல் டர்பன்ல 342 பேரை இறக்கிச்சு. அதுல இருந்து 1911-ல கடைசி கப்பல் உம்லாசி வர்ற வரைக்கும் அக்ரிமென்ட்ல வந்தவங்க மொத்தம் 1,52,184 பேர், மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ்ல ஏறினவங்க. வந்து இறங்கின ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டாங்க, அதுக்கப்புறம் சம்பளம், பாஸ், கல்யாணம், பிள்ளை பிறந்தது, செத்தது எல்லாத்துலயும் அந்த நம்பர் கூடவே வரும். பேரை தப்பா எழுதினாலும் நம்பரை தப்பா எழுத மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு முக்கியம் அதுதானே. கேக்க அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா இன்னைக்கு நமக்கு உதவறதும் அதே நம்பர்தான்.

அந்த நம்பரை வச்சு கப்பல் லிஸ்ட்டை பாக்கணும். மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துலயும், வெஸ்ட்வில் கேம்பஸ்ல இருக்கற காந்தி-லுத்துலி டாக்குமென்டேஷன் சென்டர்லயும் கேக்கலாம், டர்பன்ல 1860 ஹெரிட்டேஜ் சென்டர்லயும் விசாரிக்கலாம். லிஸ்ட்ல கப்பல் பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உசரம், உடம்புல இருக்கற மச்சம் தழும்பு வரைக்கும் எழுதியிருப்பாங்க. எங்க பூட்டன் பேருக்கு நேரா இடது முழங்கால்ல தழும்புன்னு இருந்துச்சு, அதைப் படிச்சப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு, போட்டோ இல்லாத மனுசனை அன்னைக்குத்தான் கண்ணால பாத்த மாதிரி.

ரெண்டு மூணு எச்சரிக்கை. ஒண்ணு, ஊர்ப் பேரை எழுதினவன் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பான், வாய்விட்டு சத்தமா படிச்சுப் பாத்தாத்தான் என்ன ஊர்னு புலப்படும், அதுவும் தமிழ் நல்லா தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருக்கணும். புதூர், நல்லூர்னு வந்துச்சுன்னா தலைய பிச்சிக்கணும், தாலுகா இல்லாம கண்டுபிடிக்கவே முடியாது. ரெண்டு, அந்தக் காலத்து ஜில்லா இன்னைக்கு இல்ல. வட ஆற்காடுன்னு போட்டிருந்தா வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் பாக்கணும், அது மட்டும் இல்ல, சித்தூர் ஜில்லாவை 1911-லதான் தனியா பிரிச்சாங்க, அதனால உங்க கிராமம் இப்ப ஆந்திரால இருந்தாலும் இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் தமிழ்நாடு பூரா சுத்திட்டு வந்து, கடைசில ஊர் அந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சு மறுபடியும் டிக்கெட் போட்டாங்க. மூணாவது, உங்க சர்நேமை வச்சு தேடாதீங்க. இங்க பாதி குடும்பத்துக்கு தாத்தா பேரே சர்நேம் ஆயிடுச்சு, முனுசாமி, பெருமாள், வீராசாமின்னு. லிஸ்ட்ல அவருக்கு ஒத்தைப் பேர்தான் இருக்கும்.

லிஸ்ட்ல சாதின்னு இருக்கற கட்டத்தை மட்டும் ரொம்ப நம்பி வீட்ல சண்டை போடாதீங்க. கப்பல் ஏறும்போது சொன்னது எல்லாம் நிஜம்னு யார் கண்டா, ஏறினப்ப ஒண்ணு இறங்கினப்ப ஒண்ணுன்னு மாத்திக்கிட்டவங்க உண்டு, அதுல என்ன தப்புன்னுதான் நான் கேப்பேன்.

சாஸ்திரி காலேஜ்ல படிச்சேன்னு எங்க மாமா பெருமையா சொல்லுவார். அந்த சாஸ்திரி யாரு? காலேஜ்னு பேர் இருக்கு, ஆனா ஸ்கூல்தானே அது?
வாசகி, ஃபீனிக்ஸ்

நம்ம வலங்கைமான்காரர்ம்மா. சீனிவாச சாஸ்திரி, கும்பகோணம் பக்கம். பெரிய அரசியல்வாதி, இங்கிலீஷ் பேச்சுல வெள்ளைக்காரனே வாயைப் பொளந்து கேப்பான்னு பேரு, ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். 1927-ல இந்தியாவுக்கும் இந்த நாட்டுக்கும் கேப் டவுன் ஒப்பந்தம் ஆனதும் இந்திய அரசாங்கத்தோட முதல் ஏஜென்ட்டா இங்க வந்தாரு. வாத்தியார் புத்தி எங்க போகும், நம்ம பிள்ளைங்களுக்கு ஹைஸ்கூலும் வாத்தியார் ட்ரெய்னிங்கும் வேணும்னு புடிச்ச புடில நின்னு, வீடு வீடா கடை கடையா காசு திரட்டி, 1929-ல டர்பன்ல திறந்தாங்க. ஸ்கூல்தான், ஆனா காலேஜ்ங்கற பேருக்கும் நியாயம் இருக்கு, 1936-ல இருந்து மேபல் பாமர் அம்மா யூனிவர்சிட்டி வகுப்பை நம்மவங்களுக்கும் ஆப்பிரிக்க பிள்ளைங்களுக்கும் நடத்தினது அந்தக் கட்டிடத்துலதான், வெள்ளைக்காரப் பிள்ளைங்களோட ஒரே கிளாஸ்ல உக்கார விடலயே.

காசு திரட்டினாங்கன்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டேன், அதுல ஒரு பெரிய கதை இருக்கு. நம்ம ஸ்கூல்ல முக்காவாசி எய்டட் ஸ்கூல். சனங்க ஒரு பவுண்டு போட்டா சர்க்கார் ஒரு பவுண்டு போடும், அப்படித்தான் கட்டினாங்க. கோயில் கமிட்டி, தோட்டத்து ஆளுங்க, காய்கறி வித்தவங்க எல்லாம் சேர்ந்து. எங்கப்பா ஞாயித்துக்கிழமை செங்கல் தூக்க போவாரு, கறிக்குழம்பு ஆறிப்போயிடும், ஆயா, அதான் எங்க பாட்டி, திட்டிக்கிட்டே மூடி வைப்பாங்க. கட்டியும் இடம் பத்தாம ப்ளட்டூன்னு சொல்லி காலைல ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம்னு ஒரே ரூம்ல ரெண்டு கிளாஸ். நான் மதியக் கூட்டம். வெயில்ல கண்ணை சொருகும், பெஞ்சு காலைல உக்காந்தவன் சூட்டோட இருக்கும்.

சுல்தானையும் விடக்கூடாது. எம். எல். சுல்தான், கொல்லத்துல இருந்து 1890-ல அக்ரிமென்ட்ல வந்தவரு, ரயில்வேல மூட்டை தூக்கி, அப்புறம் ஓட்டல் வெயிட்டர், அப்புறம் விவசாயம். கையில காசு சேந்ததும் தொழில் படிப்புக்குன்னு அள்ளிக் குடுத்தாரு, 1956-ல அவர் பேர்ல டெக்னிகல் காலேஜ் கட்டிடம் திறந்தாங்க. இன்னைக்கு டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜின்னு உங்க பிள்ளைங்க அப்ளிகேஷன் போடறாங்களே, அதுல பாதி அந்த காலேஜ்.

பொம்பளைங்க அந்தக் காலத்துல படிச்சாங்களா ஆன்ட்டி? என் மகளுக்கு சொல்ல ஒரு ஆள் வேணும், வக்கீல் டாக்டர் மாதிரி.
அப்பா, ஐசிப்பிங்கோ

டாக்டர் குணம். 1906-ல டர்பன்ல பிறந்தவங்க, 1928-ல தனியா கப்பல் ஏறி எடின்பரோவுக்கு மெடிசின் படிக்க போனாங்க. நம்ம வீட்ல இன்னைக்கும் பொண்ணை கேப் டவுனுக்கு அனுப்ப யோசிக்கறாங்க! 1936-ல திரும்பி வந்து டர்பன்ல கிளினிக் போட்டாங்க, சவுத் ஆப்பிரிக்கால முதல் இந்தியப் பெண் டாக்டர். 1946 பாசிவ் ரெசிஸ்டன்ஸ் அறப்போராட்டத்துல ஜெயிலுக்கும் போனாங்க. வாழ்க்கைக் கதை எழுதினப்ப தலைப்பே 'கூலி டாக்டர்'னு வச்சாங்க, 1991-ல வந்துச்சு. நம்மளை திட்டின வார்த்தையை எடுத்து அட்டைல போடறதுக்கு தனி தைரியம் வேணும். மகளுக்கு அந்தப் புத்தகம் லைப்ரரில தேடி குடுங்க, ஆனா ஒண்ணு, சிகரெட்டும் சேலையுமா அவங்க இருந்த ஸ்டைலைப் படிச்சிட்டு உங்களைக் கேள்வி கேட்டா என்கிட்ட வராதீங்க.

அம்மா, நான் சென்னைல இருந்து வேலைக்கு வந்து ஒரு வருசம் ஆகுது. இங்க எல்லாரும் கோவெண்டர், மூட்லி, படையாச்சின்னு இருக்காங்க, காவடி எடுக்கறாங்க, ஆனா தமிழ் பேசினா யாருக்கும் புரியல. ஏன் தமிழை விட்டுட்டாங்க?
இளைஞர், உம்ஷ்லாங்கா

தம்பி, 'விட்டுட்டாங்க'ன்னு சொல்றீங்க பாருங்க, அந்த வார்த்தைதான் குத்துது. கோவெண்டர்னா கவுண்டர்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், மூட்லி முதலி. எழுதினவன் நாக்குக்கு ஏத்த மாதிரி பேர் மாறிடுச்சு.

எங்க ஆயாவுக்கு தமிழும், ஜுலு வேலைக்காரங்களோட பேச ஃபனகலோங்கற கலப்பு மொழியும்தான் தெரியும், இங்கிலீஷ் சுத்தமா வராது. எங்கம்மாவுக்கு தமிழும் இங்கிலீஷும். எனக்கு ஸ்கூல்ல இங்கிலீஷ், சாயங்காலம் கோயில் ஹால்ல தமிழ், அதுவும் வாத்தியார் வந்தா. என் பேரப்பிள்ளைக்கு இங்கிலீஷ், ஆஃப்ரிகான்ஸ், கொஞ்சம் ஜுலு, தமிழ்ல 'வணக்கம் ஆயா' மட்டும். சர்க்கார் நடத்தின ஸ்கூல்ல தமிழுக்கு இடமே இல்லாம வச்சிருந்தாங்க ரொம்ப காலம், எண்பதுகள்லதான் உள்ள விட்டாங்க, அப்புறம் திரும்ப தேஞ்சு போச்சு, 2014-ல குவாசூலு நேட்டால்ல விருப்பப் பாடமா வைக்கலாம்னு மறுபடி வந்துச்சு, ஆனா வாத்தியார் எங்க? இதோட 1950 க்ரூப் ஏரியாஸ் சட்டம், ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி இடம்னு பிரிச்சது. கேட்டோ மேனர், மேக்கஸைன் பேரக்ஸ் மாதிரி இடத்துல இருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு தள்ளினாங்க, கவுன்சில் வீட்ல தாத்தா ஆயாவுக்கு இடம் இல்ல, ஒரே வளவுல பெரிய குடும்பமா இருந்தவங்க பிரிஞ்சாங்க. பிள்ளை தமிழ் கத்துக்கறது புத்தகத்துல இல்ல தம்பி, ஆயா மடியில. மடி வேற தெருவுக்கு போயிடுச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன், ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்க. இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச தேவாரப் புத்தகத்தை வச்சிக்கிட்டு, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாம, ராகம் பிசகாம பாடுவாங்க, 1937-ல ஆரம்பிச்ச சைவ சித்தாந்த சங்கத்துல இருந்து இப்படித்தான் தலைமுறை தலைமுறையா பாடிட்டு வர்றாங்க. 'பித்தா பிறைசூடி'ல உச்சரிப்பு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், சிரிக்காதீங்க. சிரிக்கறதுக்கு பதிலா பூசை முடிஞ்சதும் ரெண்டு பேருக்கு அர்த்தம் சொல்லிக் குடுங்க. சனிக்கிழமை காலைல எங்க வகுப்புக்கு ஆள் தேவைப்படுது, சம்பளம் கிடையாது, வடையும் டீயும் உண்டு.

கிரேட் 10-ல மேத்ஸ் எடுக்கறதா, மேத்ஸ் லிட் (மேத்தமேட்டிகல் லிட்டரசி, அன்றாடக் கணக்கு) எடுக்கறதா? மேத்ஸ் லிட்ல 80 வாங்கினா யூனிவர்சிட்டிக்கு நல்லதுதானேன்னு பொண்ணு சொல்றா.
அம்மா, லேடிஸ்மித்

பாயின்ட் ஏறும், கதவு மூடும். 80-க்கு மேல லெவல் 7, அட்மிஷன் பாயின்ட்ல அழகா இருக்கும், ஆனா இன்ஜினியரிங், மெடிசின், அக்கவுன்டன்ட், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதுக்குப் போனாலும் மேத்ஸ்தான் கேப்பாங்க, லிட்டை ஏத்துக்க மாட்டாங்க. உங்க பொண்ணு சட்டம், சோஷியல் வொர்க், மொழிப் படிப்புன்னு போறவளா இருந்தா லிட்டும் ஓகே, ஆனா அதுலயும் சில இடத்துல மேத்ஸ் கேப்பாங்க, எந்த கோர்ஸ் எந்த யூனிவர்சிட்டின்னு பாத்து அவங்க ஹேண்ட்புக்கைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. மேத்ஸ்ல இருந்து லிட்டுக்கு இறங்கறது சுலபம், லிட்டுல இருந்து மேல ஏறறது ரொம்ப கஷ்டம், அதனால சந்தேகம்னா கிரேட் 10 முடியற வரைக்கும் மேத்ஸ்லயே இருக்கட்டும்.

காசு பத்தியும் கேட்டிருக்கீங்க. வீட்டு வருமானம் வருசத்துக்கு 3,50,000 ராண்டுக்குள்ளன்னா என்எஸ்ஃபாஸ்ல, அதாவது அரசாங்கத்தோட மாணவர் நிதி உதவில, அப்ளிகேஷன் போடுங்க, இந்த வருமான வரம்பு 2017 டிசம்பர்ல அறிவிச்சது, 2015-ல மாணவர்கள் ஃபீஸ் மஸ்ட் ஃபால்னு தெருவுல இறங்கினாங்களே அதுக்கப்புறம் வந்தது. அப்ளிகேஷனை கடைசி நாள் ராத்திரி போடாதீங்க, லைன் தொங்கிடும், லோட்ஷெட்டிங் வந்தாலும் வந்துடும்.

ஆன்ட்டி, நீங்க எந்த யூனிவர்சிட்டில படிச்சீங்க?
குறும்புக்கார வாசகர், பெயர் போட வேண்டாமாம்

தீவுல. சும்மா சொல்லல, டர்பன் துறைமுகத்துல சாலிஸ்பரி தீவு. இந்தியருங்களுக்குன்னு தனி யூனிவர்சிட்டி காலேஜ் 1961-ல அங்க பழைய நேவி கட்டிடத்துல ஆரம்பிச்சாங்க, படகுல போய் படகுல வருவோம். எழுபதுகள் தொடக்கத்துல வெஸ்ட்வில் மலைக்கு மாத்தினாங்க, 2004-ல எல்லாம் ஒண்ணாகி குவாசூலு நேட்டால் யூனிவர்சிட்டி ஆச்சு. காத்து அடிச்சா சேலையைப் புடிக்கறதா புத்தகத்தைப் புடிக்கறதான்னு தெரியாது, ஒரு தடவை என் ஹிஸ்டரி நோட்டு தண்ணிக்குள்ள போயிடுச்சு, பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது. யாரோட நோட்டை வாங்கி எழுதி பாஸ் பண்ணேன்னு கேக்காதீங்க, அவரைத்தான் அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்.

அடுத்த மாசத்துக்கு கப்பல் பேப்பர் போட்டோ அனுப்பறவங்க சாய்ச்சு வச்சு எடுக்காதீங்க, ஜன்னல் பக்கம் வச்சு, ஃப்ளாஷ் இல்லாம, பின்பக்கத்தையும் சேத்து எடுங்க, நம்பர் பாதி நேரம் பின்னாடிதான் இருக்கும்.